நாவலர் என்னும் பெயர்

நாவலர் என்பது நாவன்மை உடையார் யாவர்க்கும் உரிய பொதுப்பெயர். ஆயினும் அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே சைவவுலகம் நினைப்பது யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களையே. பொதுப்பெயர் ஒருவர்க்கே உரிய சிறப்புப்பெயராதற்கு அவர்பாற் சிறந்த காரணம் இருத்தல் வேண்டும். அப்பெயர் எவ்வாறு வந்தது, எதனால் நிலைபெற்றது, எவ்விடத்து இடருற்றது என்பவற்றை அவர்தம் சரித்திரங் கொண்டு ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இவர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கந்தர்க்கும் சிவகாமியம்மையார்க்கும் புதல்வராய்ப் பிறந்தார். சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் பெரும்புலவர்களிடத்துத் தமிழ்நூல்களைக் கற்றார். வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபொழுது அவர்க்குத் துணைபுரிந்தார். பாதிரிமார் யாவர்க்கும் விளங்கும் வசனத்தினாற் சபையோர் மனத்தை ஈர்த்தலை இவர் அணுகியிருந்து கண்டவர். நம்மவர் கோயில்களிற் புராணம் படித்துப் பயன் சொல்வர். ஆயினும் சமயப்பொருளைச் செய்யுளின் வழியேயன்றித் தனித்தெடுத்து விரித்துரைத்தல் அக்காலத்து அவர்பாற் பெருவழக்காய் இருந்ததில்லை. அக்குறையை நீக்குதலே தம் கடனென இவர் துணிந்தார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே இவர்தம் முதற்பிரசங்கம் நிகழ்ந்தது. அது தொடங்கி வெள்ளிதோறும் பிரசங்கம் நடைபெற்றது. கடவுள் ஒருவரே என்பதும், சிவலிங்க வழிபாட்டின் மேன்மையும், கொல்லாமையும், கள்ளுண்ணாமையும் அங்கே எடுத்துரைக்கப்பட்டன. மறு ஆண்டில் உத்தியோகத்தை விடுத்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இல்லறம் புகாது வாழ்நாள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்து இத்தொண்டினைச் செய்தார்.

1849இல் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சதாசிவப்பிள்ளையோடு சென்னை நோக்கிப் புறப்பட்டவர், திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, அவ்வறிஞர் அவையிலே பிரசங்கஞ் செய்தார். கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை நல்கினர். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தாறு. பாமரர் நிறைந்த கோயில் மண்டபத்திற் பயின்ற நாவே பண்டிதர் நிறைந்த மடாலயத்தும் மதிக்கப்பெற்றது என்பது சிந்திக்கற்பாலது.

நாவலர் ஒருகால் நீதிமன்றத்திற் சாட்சி கூறியபொழுது, மொழிபெயர்ப்பாளர் திகைக்கும் வண்ணம் செந்தமிழிற் பேசினார் என்றொரு கதை கர்ணபரம்பரையாய் வழங்குகின்றது. அதனைச் சொல்லி மகிழாத தமிழ்ப்புலவர் இலர். யாமும் பலகாற் சொல்லி மகிழ்ந்தோம். ஆயினும் அவர்தம் புகழுக்குக் காரணம் அக்கதை அன்று. அரிய நடை அவர்க்குக் கைவந்ததே. அதனை வேண்டுமிடத்தன்றி வழங்காது அடக்கிக்கொண்டமையே அவர் பெருமை. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தையும், சிறார்க்கென இயற்றிய பாலபாடங்களையும் நோக்குக. சந்தி பிரித்தும், நிறுத்தக் குறிகள் இட்டும், படிப்பவன் இடர்ப்படாதவாறு அவர் எழுதினார். கேட்போர்க்கு விளங்காத சொல் சொல்வோனது கல்வியைக் காட்டுமேயன்றிக் கேட்போரது அறியாமையை நீக்காது.

இனி இடருற்ற இடத்தையும் மறையாது கூறுதல் முறை. 1867இல் இராமலிங்க அடிகளாரது பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் அச்சேறின. அப்பெயர் திருமுறைகட்கே உரியதென்பது நாவலர் கொள்கை. ஒரு பெயர்பற்றி எழுந்த அவ்வாதத்தில் இருபாலாரும் வன்சொல் வழங்கினர். சிதம்பரத்திலே பேசப்பட்ட சொற்கள் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காயின. சிவநேசச் செல்வர் இருவரது பெயர், அவர் செய்த தொண்டினாலன்றி, அவ்வழக்கினால் வாயில் வழங்கும் நிலை வந்தது. நாவலரிடத்துப் பேரன்பு பூண்ட யாம் அவர் கொள்கையைக் குறைகூறோம். கண்டனத்தின் கடுமையையே எண்ணி வருந்துகின்றோம். வாதம் ஒழிந்த பின்னரும் வன்சொல் ஒழியாது. நாவலர் நூலொன்றையும் கல்லாதாரும் அவ்வழக்கினை அறிவர்; இதனினும் வேறு சான்று எற்றுக்கு?

எனினும் அப்பெயர் அழிந்திலது. என்னை? சொல்லிய வழியே அவர் நின்றமையால் என்க. 1877இல் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்துற்றபோது, பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி வறியோர் பசியை ஆற்றினார். தானத்தின் சிறப்பை உரைத்த நாவுக்கு அவர் கையே சான்றாயிற்று.

1879ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே செய்தது அவரது இறுதிப் பிரசங்கம். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், முதற்பிரசங்கம் நிகழ்ந்தது போன்றதொரு வெள்ளிக்கிழமையில், ஐம்பத்தேழாம் வயது நிரம்பு முன்னரே சிவபதம் அடைந்தார்.

பட்டம் மடாலயத்தார் கொடுத்தது. அதனைக் காத்தது அவர்தம் தெளிந்த சொல்லும் தூய ஒழுக்கமும். மேடையேறும் சைவ அன்பர்கள் அவரிடத்துக் கொள்ளத்தக்கவை இவ்விரண்டுமே. கொள்ளாது விடத்தக்கதொன்று உளதாயின் அஃது அக்கடுமை. அவர் இன்றிருப்பின், நமது பிரசங்கத்தைக் கேட்டு எழுந்து செல்லும் எளிய அடியவனிடத்து என்ன விளங்கிற்று என்றே முதற்கண் வினாவுவர் என்பது எமது துணிபு.

திருச்சிற்றம்பலம்.