காஸ்பர் மோன்ஜ்

காஸ்பர் மோன்ஜ் (மே 9, 1746 – சூலை 28, 1818) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும் பொறியியல் ஆசிரியரும் ஆவார். முப்பரிமாணப் பொருள்களை இருபரிமாணத் தாளில் துல்லியமாக வரைந்து காட்டும் முறையான விவரண வடிவவியலை உருவாக்கியவர் இவரே. இன்றைய பொறியியல் வரைபடக் கல்விக்கு இம்முறையே அடிப்படை. பாரிசில் எக்கோல் பாலிடெக்னிக் என்னும் தொழினுட்பக் கல்லூரியை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

மோன்ஜ் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் நகரில் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தார். உள்ளூரிலிருந்த கிறித்தவத் துறவியர் கல்லூரியிலும் பின்னர் லியோன் நகரிலும் கல்வி கற்றார். லியோனில் படிக்கும்போதே, இருபது வயது நிறையும் முன்னரே, இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1764 ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய மோன்ஜ், அளவைக் கருவிகளைத் தாமே செய்துகொண்டு போன் நகரின் விரிவான வரைபடம் ஒன்றை வரைந்தார். இதனைக் கண்ட படைப்பொறியாளர் ஒருவர் இவரை மெசியேர் நகரின் அரச படைப்பொறியியல் பள்ளிக்குப் பரிந்துரைத்தார்.

மெசியேர் பள்ளி

மெசியேர் பள்ளியில் அதிகாரிப் பயிற்சி பெரும்பாலும் உயர்குடியினருக்கே உரியதாக இருந்தது. எனவே மோன்ஜ் அதன் மாணவராகச் சேர இயலவில்லை. 1765 இல் பள்ளியின் துணைப் பிரிவில் வரைவாளராகப் பணியமர்த்தப்பட்டார். வரைபடங்களைப் படியெடுப்பதும் சாந்தினால் மாதிரிகள் செய்வதும் அப்பிரிவின் வேலைகளாகும்.

ஓராண்டுக்குப் பின், எதிரியின் பார்வைக்கும் பீரங்கிச் சூட்டுக்கும் இலக்காகாதபடி ஒரு கோட்டையின் சுவர்களை அமைக்கும் திட்டத்தை வரையும் பணி இவருக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் இதற்கு நீண்ட எண்கணிதக் கணக்கீடு தேவைப்பட்டது. மோன்ஜ் கணக்கீட்டை விடுத்து வடிவவியல் வரைதல் மூலமாகவே விடையைக் கண்டார். விடை மிக விரைவில் கிடைத்துவிட்டதால், அது சரியாக இருக்க முடியாது என்று கருதிய அதிகாரி முதலில் அதனைச் சரிபார்க்கவே மறுத்தார். பின்னர் சரிபார்த்தபோது விடையும் முறையும் சரியென உறுதியாயின. அம்முறை படைத்துறை இரகசியமாக அறிவிக்கப்பட்டது. அதனால் பல ஆண்டுகள் மோன்ஜ் தம் கண்டுபிடிப்பைப் பள்ளிக்கு வெளியே கற்பிக்கவோ வெளியிடவோ இயலவில்லை. 1769 இல் அதே பள்ளியில் கணிதப் பேராசிரியரானார்.

விவரண வடிவவியல்

கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் பொருள்களின் தோற்றங்களை வரைந்து வேலை செய்யும் வழக்கம் மோன்ஜுக்கு முன்பே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தொழிலிலும் தனித்தனி விதிகளே இருந்தன. அவற்றுக்கெல்லாம் பொதுவான கொள்கையை மோன்ஜ் வகுத்தார்.

இம்முறையில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று கிடைத்தளம், மற்றொன்று நிலைக்குத்துத் தளம். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரு தளங்களுக்கும் செங்குத்துக் கோடுகள் வரையப்படுகின்றன. கிடைத்தளத்தில் கிடைக்கும் வீழல் மேல்தோற்றம் எனவும், நிலைக்குத்துத் தளத்தில் கிடைப்பது முன்தோற்றம் எனவும் வழங்கும். பின்னர் இரு தளங்களும் சந்திக்கும் கோட்டினை அச்சாகக் கொண்டு ஒரு தளம் 90 பாகை திருப்பப்படுகிறது. இப்போது இரு தோற்றங்களும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைகின்றன.

இதன் சிறப்பு, தாளிலேயே அளவுகளைக் கண்டறிய முடிவதாகும். எடுத்துக்காட்டாக, இரு தளங்களுக்கும் சாய்வாக உள்ள ஒரு கம்பி இரண்டு தோற்றங்களிலும் உண்மை நீளத்தைவிடக் குறுகியதாகவே தெரியும். அதனை ஒரு தளத்துக்கு இணையாகும் வரை சுழற்றி வரைந்தால் உண்மை நீளம் கிடைத்துவிடும். இரண்டு குழாய்கள் சந்திக்கும் வளைகோட்டையும், அக்குழாய்களுக்காகத் தகட்டை வெட்ட வேண்டிய வடிவத்தையும் இவ்வாறே காணலாம்.

இரும்பும் பீரங்கியும்

1777 இல் மோன்ஜ் திருமணம் செய்துகொண்டார். மனைவியின் குடும்பச் சொத்தாக இருந்த இரும்புப் பட்டறையின் மூலம் இவருக்கு உலோகவியலில் ஈடுபாடு ஏற்பட்டது. 1786 இல் பெர்த்தொல்லே, வாண்டர்மோண்ட் ஆகியோருடன் இணைந்து, வார்ப்பிரும்பு, தேனிரும்பு, எஃகு ஆகியவற்றின் வேறுபாடு அவற்றிலுள்ள கரிமத்தின் அளவைப் பொறுத்தது என்று விளக்கினார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792 ஆகத்து முதல் 1793 ஏப்ரல் வரை கடற்படை அமைச்சராகப் பணியாற்றினார். அண்டை நாடுகளுடன் போர் மூண்டு ஆயுதப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, இரும்புத் தொழிலாளர்களுக்கு எஃகு செய்யும் முறையை விளக்கும் கையேடு ஒன்றை மேற்கூறிய இருவருடன் சேர்ந்து எழுதினார். 1794 இல் பீரங்கி வார்க்கும் கலை குறித்த இவரது நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பாரிசுக்கு அழைக்கப்பட்டோருக்கு வெடியுப்பு, வெடிமருந்து, பீரங்கி ஆகியவற்றைச் செய்யும் முறைகள் குறுகிய காலப் பயிற்சியாகக் கற்பிக்கப்பட்டன. இப்பயிற்சியின் ஆசிரியர்களுள் மோன்ஜும் ஒருவர்.

எக்கோல் பாலிடெக்னிக்

1794 இன் இறுதியில் பொதுப்பணி மையப் பள்ளி பாரிசில் தொடங்கப்பட்டது. 1795 இல் இது எக்கோல் பாலிடெக்னிக் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிறப்பைக் கருதாமல், போட்டித் தேர்வின் மூலம் ஏறத்தாழ 400 மாணவர்கள் முதலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. மாணவர்கள் விரிவுரை கேட்பதோடு நில்லாமல் வரைபடக் கூடத்திலும் வேதியியல் ஆய்வகத்திலும் தம் கையாலேயே வேலை செய்தனர். பாடத்திட்டத்தில் விவரண வடிவவியலுக்கு முதன்மையான இடம் கிடைத்தது.

1795 இல் ஆசிரியர் பயிற்சிக்காக நிறுவப்பட்ட எக்கோல் நார்மலில் மோன்ஜ் தம் முறையை முதன்முறையாகப் பொதுவில் கற்பித்தார். அவ்விரிவுரைகள் 1799 இல் நூலாக வெளிவந்தன. படைத்துறை இரகசியமாக இருந்த முறை இவ்வாறு எவரும் கற்கக்கூடிய பாடமாயிற்று.

நெப்போலியனுடன்

1796 இல் இத்தாலியிலிருந்து கலைப்பொருள்களைப் பிரான்சுக்குக் கொண்டுவரும் குழுவில் இடம்பெற்ற மோன்ஜ் அங்கு நெப்போலியனின் நண்பரானார். 1798 இல் அவருடன் எகிப்து சென்று, கெய்ரோவில் நிறுவப்பட்ட எகிப்து ஆய்வுக்கழகத்தின் தலைவரானார். பாலைவனத்தில் தோன்றும் கானல் நீருக்கு அறிவியல் விளக்கமும் அளித்தார். 1808 இல் பெலூசியம் கோமகன் என்ற பட்டம் பெற்றார். எனினும் நெப்போலியன் எக்கோல் பாலிடெக்னிக்கைப் படைத்துறை அமைப்பாக மாற்றி, 1805 இல் கட்டணமும் விதித்தபோது மோன்ஜ் அதனை விரும்பவில்லை. ஏழை மாணவர்களுக்கு அக்கட்டணம் பெருந்தடையாக இருந்தது.

இறுதிக்காலம்

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1816 இல் மோன்ஜ் அறிவியல் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். 1818 சூலை 28 இல் பாரிசில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசு அனுமதி மறுத்தது. பின்னர் விடுமுறை நாளில் மாணவர்கள் அவரது கல்லறைக்குச் சென்று மலரஞ்சலி செலுத்தினர். 1989 இல் அவரது உடல் எச்சங்கள் பாரிசின் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டன. ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் இவர் பெயரும் உண்டு.

தாக்கம்

மோன்ஜின் மாணவரான பொன்சுலே, வீழல் வடிவவியலை வளர்த்தெடுத்தார். எக்கோல் பாலிடெக்னிக்கில் பயின்ற குளோடியசு குரோசே, அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் படைத்துறைக் கல்லூரியில் விவரண வடிவவியலைக் கற்பித்தார். இந்தியப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயிற்றுவிக்கப்படும் முதற்கோண வீழல் முறை மோன்ஜின் தள அமைப்பைப் பின்பற்றுவதாகும்.

கணினிவழி வரைதலில் வேலையின் வரிசை பெரும்பாலும் தலைகீழாகிறது. முப்பரிமாண மாதிரி முதலில் உருவாக்கப்பட்டு, முன்தோற்றம், மேல்தோற்றம் முதலியவற்றை மென்பொருள் தானே வரைந்து தருகிறது. எனினும் பட்டறையில் ஒரு வரைபடத்தைப் பார்த்து உதிரி உறுப்பைச் செய்பவரும், பழுதான இயந்திரத்தைப் பிரிப்பவரும் தட்டையான தோற்றங்களிலிருந்து திண்ம வடிவத்தை மனத்தில் உருவாக்க வேண்டியுள்ளது. அத்திறனை வளர்க்கும் பயிற்சியாக மோன்ஜின் முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது.