கைவினைஞரின் தோழர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி



கண்டியிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து பல்லேகல, குண்டசாலைப் பக்கம் சென்றிருக்கிறீர்களா? அப்பகுதியிலுள்ள ஹேனவல கிராமத்தில்தான் புகழ்பெற்ற தும்பறைப் பாய் நெய்யப்படுகிறது. தடித்த இலையைச் சுரண்டி நாரெடுத்து, கழுவி உலர்த்தி, சாயமேற்றி, நிலத்தோடு ஒட்டிய தறியில் யானையும் மானும் பறவையுமாக நெய்தெடுப்பர். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே கண்டிப் பகுதிக் கைவினைஞரின் பெருமையை உலகறியச் செய்த ஒரு தமிழரின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறோம்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் இவர் மாமன் மகன். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து, தாயாருடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்று, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகத் தாயகம் வந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளின் கண்டுபிடிப்பிலும் இவருக்குப் பங்குண்டு.

கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவர் கண்டது கலையின் அழிவை. கண்டி அரசர் காலத்தில் ஓவியர், பொற்கொல்லர், தச்சர், நெசவாளர் முதலியோர் அரசுக்கும் ஆலயத்துக்கும் ஊழியம் செய்து, அதற்கு ஈடாக மானிய நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்தனர். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வேலையிருந்தது. ஊராரும் அவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின் ஆதரிப்பார் குறைந்தனர். இயந்திரச் சரக்கு கடைகளை நிரப்பியது. கைவினைஞரின் பிள்ளைகள் தந்தையின் தொழிலுக்கு வெட்கப்பட்டனர்.

குமாரசுவாமி வாளாவிருக்கவில்லை. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் வரைந்து, பழைய கட்டடங்களையும் கலைகளையும் காக்குமாறு வேண்டினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். கைவினைஞரிடம் சென்று கருவி, சாயம், செய்முறை யாவற்றையும் கேட்டு எழுதினார். துணைவியார் எதெல் அம்மையார் புகைப்படங்கள் எடுத்தார். அதன் பயனே 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். இங்கிலாந்தில் வில்லியம் மொறிசின் கை அச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் அச்சிடப்பட்டன. கையின் பெருமை பேசிய நூலும் கையாலேயே உருவாயிற்று.

1917இல் அமெரிக்கா சென்று பொஸ்டன் நூதனசாலையில் பணியேற்றார். ஆயினும் கலை என்பது கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் பொருளன்று, மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருளிலேயே அது வாழ்கிறது என்ற கொள்கையை அவர் கைவிடவில்லை. இதனை விளக்க நமது புனித தோமஸ் அக்குவினாசின் போதனைகளையும் அடிக்கடி எடுத்தாண்டார். 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் அமரரானார்.

ஒன்றை மறைத்தலாகாது. பழைய அமைப்பை அவர் மிகவும் போற்றினார். ஆனால் அழகிய பாய் நெய்த கைகளுக்கு உரியோரை அதே அமைப்பு கடைநிலையில் நிறுத்தியிருந்தது. வேலையை மெச்சி, வேலை செய்பவரைத் தாழ்த்தும் குணம் இன்றும் நம்மிடையே இல்லையா? கையில் அழுக்குப் படாத உத்தியோகமே உயர்ந்தது என்று நம் பிள்ளைகளுக்கு நாமே போதிக்கவில்லையா?

வாசகர்களே, பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் ஒரு கலை பிழைத்துவிடாது. வாங்குவோரும் கற்போரும் இருந்தாலே அது பிழைக்கும். பல்லேகலப் பக்கம் போகும்போது உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தறியருகே சிறிது நேரம் அமர்ந்து, ஒரு பாய் முடிய எத்தனை நாளாகும் என்று அவர்களே கேட்டறியட்டும். நெய்தவர் கையிலிருந்தே ஒன்றை வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். கலாயோகிக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவே.