பிஎச்.டி. மறுத்த பல்கலைக்கழகம்... தேடி வந்த உலகம்: யார் இந்த அன்னா மணி?

குரோம்பேட்டை ஸ்டேஷனில் பீச் ரயிலுக்காக நிற்கும்போது செல்போனைத் திறந்தால், மீனம்பாக்கத்தில் இன்று எத்தனை டிகிரி வெயில் என்று செய்தி வந்திருக்கும். மீனம்பாக்கம் இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன்தான். ஆனால் அங்கே பதிவாகும் எண்ணை லண்டனில் இருக்கும் ஆய்வாளரும் நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஏன்னா, கருவிகள் எல்லா நாட்டிலும் ஒரே தரத்துக்குச் சரிபார்க்கப்படுகின்றன. இந்தியாவில் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அன்னா மணி.

வைரத்தோடு வேண்டாம்!

1918 ஆகஸ்ட் 23-ல், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுக்க, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேணும்னு கேட்டு வாங்கினார்.

1939-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சின்ன வயதில் வேண்டாம் என்ற அதே வைரம்தான் அங்கே ஆய்வுப் பொருள்!

ஒரு விதி, ஒரு மறுப்பு

அப்போது அந்த ஆய்வுக்குப் பட்டம் தர வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகம். தனி ஒருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுவிட்டு, 1945-ல் பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று சொல்லி பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்துவிட்டது. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் இருக்கிறது. பட்டம் இல்லாததால் தன் வாழ்க்கையில் எந்தக் குறையும் வரவில்லை என்பதுதான் பின்னாளில் அவர் சொன்ன பதில்.

அதே ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. ஆனால் உதவித்தொகை கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கு. அதுவே அவர் பாதையானது.

கருவி ஏன் முக்கியம்?

1948-ல் நாடு திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரண கருவிகளைக்கூட அப்போது வெளிநாட்டில் இருந்து வாங்கவேண்டிய நிலை. சுமார் 100 வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களை அவர் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே தயாரிக்க வழி செய்தார்.

பூமி சூடாவது ஒரு டிகிரி, அரை டிகிரி கணக்கு. கருவியே அரை டிகிரி தப்பாகக் காட்டினால் எதை நம்புவது? தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

1957-58-ல் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து சர்வதேச புவி இயற்பியல் ஆண்டை நடத்தின. அதற்காக இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1960-களில் பலூனில் மேலே போய் ஓசோனை அளக்கும் கருவியை அவரது குழு உருவாக்கியது. சர்வதேச ஓசோன் ஆணையத்திலும் உறுப்பினரானார். பிஎச்.டி. இல்லை என்பது எங்கேயும் தடையாகவில்லை.

நம்ம ஏரியாவுக்கு என்ன தொடர்பு?

1976-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்ற தரவுகளை 1980, 81-ல் இரண்டு நூல்களாக வெளியிட்டார். காற்றின் வேகத்தையும் நாடு முழுக்க அளந்தார். மொட்டைமாடி சோலார் பேனல் எத்தனை யூனிட் தரும் என்ற கணக்குக்கு இப்படிப்பட்ட தரவுதான் ஆதாரம். 2001 ஆகஸ்ட் 16-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தை உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்று காலநிலை மாற்றத்துக்கென்றே ஒரு மையம் உண்டு. பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய கணினி மாதிரியை வைத்து, தமிழகத்தின் வருங்கால வெப்பத்தையும் மழையையும் அங்கே கணித்திருக்கிறார்கள். அப்படி ஒரு மாதிரி சரியா, தப்பா என்று எப்படித் தெரியும்? மீனம்பாக்கம் போன்ற இடங்களில் பல வருஷமாகப் பதிவான அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான். அந்தப் பதிவுகளை நம்பும்படி ஆக்கியதில், பட்டம் மறுக்கப்பட்ட அந்த மாணவிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.