மக்களுக்கான மருந்து: பேராசிரியர் சேனக பிபிலேயின் பணி

மருத்துவர் எழுதிய சீட்டுடன் மருந்துக் கடையின் முன்னே நிற்கும் நோயாளிக்குத் தான் வாங்கப்போகும் மருந்தின் உண்மைப் பெயரும் தெரியாது. நியாயமான விலையும் தெரியாது. சந்தையில் மரக்கறிக்குப் பேரம் பேசுபவர்கூட அங்கே கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றார். இந்நிலையை மாற்றுவதையே தமது வாழ்நாட் பணியாக வரித்துக்கொண்டவர் பேராசிரியர் சேனக பிபிலே.

1920 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கொழும்பு மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கினார்.

விரிவுரை மண்டபத்தோடு அவரது பணி நின்றுவிடவில்லை. ஒரே மருந்து பல்வேறு வணிகப் பெயர்களில், வெவ்வேறு விலைகளில் இறக்குமதியாவதை அவர் கண்டார். பெயருக்காகக் கொடுக்கப்படும் மேலதிக விலையை ஏழை நோயாளியும் வறிய நாடும் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவரது ஆய்வின் அடிப்படைக் கேள்வியாயிற்று. இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் தயாரித்த அறிக்கையின் வழியே, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதலாவது தலைவரும் அவரே. இறக்குமதி செய்யப்பட்ட சுமார் 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் மருந்துகள் மொத்தமாகக் கொள்வனவு செய்யப்பட்டன. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரே முதன்மை பெற்றது.

பல்தேசியக் கம்பனிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1977 இன் ஆட்சி மாற்றத்தோடு வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை இச்சீர்திருத்தங்களின் பெரும்பகுதியைக் கைவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் பணியின் நிமித்தம் கயானாவில் தங்கியிருந்தவேளை, தமது 57 ஆவது வயதில் அவர் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982 இல் பங்களாதேஷ் அத்தியாவசிய மருந்துகளை முதன்மைப்படுத்தும் தனது தேசிய ஒளடதக் கொள்கையை வகுத்தது. சொந்த மண்ணில் கைவிடப்பட்ட சிந்தனை, உலக அரங்கில் வேரூன்றிக்கொண்டிருந்தது.

எமது நாட்டில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் மறைந்து 38 ஆண்டுகளின் பின்னரே அது கைகூடியது. அதன் பின்னரும் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருத்துவமனைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதை நாம் கண்டோம். எவை இன்றியமையாதவை என முன்கூட்டியே தீர்மானித்து, அவற்றுக்கே அந்நியச் செலாவணியை முதலில் ஒதுக்க வேண்டும் என்ற அவரது பாடத்தின் பெறுமதி அவ்வேளையில் புலனாயிற்று.

ஆண்டுதோறும் அவரது நினைவு தினத்தில் மலரஞ்சலி செலுத்துவதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. மருந்தின் பொதுப்பெயரையும் விலையையும் கேட்டறியும் துணிவு நோயாளிக்கும், அதைப் பொறுமையோடு விளக்கும் மனம் மருத்துவருக்கும், தரத்தில் எவருக்கும் விட்டுக்கொடாத உறுதி அரசுக்கும் வாய்க்க வேண்டும். அந்த மாமனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவேயாகும்.