மண்வளம் காத்த கார்வர்

உழவர்க்கு நிலமே தாய். அத்தாயின் வளத்தை ஆண்டுதோறும் கொண்டு, ஒன்றும் திரும்பக் கொடாதிருப்பின் அவள் எங்ஙனம் வாழ்வாள்? இவ்வுண்மையை ஏழை உழவர் உளங்கொள்ளுமாறு செய்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் அறிஞர்.

கார்வர், அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், 1864-ஆம் ஆண்டையொட்டி அடிமைக் குடியிற் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே தாயைப் பிரிந்தார். ஊர் ஊராகச் சென்று, துணி வெளுத்தும் சமையல் செய்தும் பொருளீட்டிக் கல்வி பயின்றார். அயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1896-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே புக்கர் வாஷிங்டன் என்னும் பெரியார் அழைக்க, அலபாமா மாநிலத்து டஸ்கீகிக் கல்விக்கூடத்தில் வேளாண்மைத் துறைத் தலைவராய் அமர்ந்தார்.

அந்நாளில் அப்பகுதி உழவருட் பலர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர். விதைக்கும் உணவுக்கும் கடன்பட்டு, அக்கடனை அடைக்கப் பருத்தியையே மீண்டும் மீண்டும் விளைத்தனர். மண் சாரமிழந்தது; மழைநீர் மேல்மண்ணை அரித்துச் சென்றது; விளைவு குன்றக் குன்றக் கடன் மிகுந்தது. இத்தகையோரை விலைக்கு உரம் வாங்கச் சொல்வதாற் பயனென்ன?

ஆதலின், காசின்றிக் கிடைக்கும் பொருள்களையே கார்வர் நாடினார். காட்டுச் சருகு, சதுப்புநிலச் சேறு, தொழுவுரம் ஆகியவற்றை மக்கச் செய்து நிலத்திலிடுமாறு கூறினார். பருத்தி விளைந்த நிலத்தில் தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிடுமாறு வேண்டினார். இப்பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர்க்கு உதவும் உரமாக மாற்றுகின்றன. இதனால் மண்ணும் வளம் பெறும். உழவன் இல்லத்திற்கு உணவும் கிட்டும்.

கல்விக்கூடத்தின் வளங்குன்றிய நிலத்தில் இம்முறைகளைக் கையாண்டு, கண்ட பயனை எளிய நடையிற் சிறு நூல்களாக வெளியிட்டார். எழுத்தறியாதார் பலர் இருந்தனர் அல்லரோ? அவர்பொருட்டு, 1906-இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று அவர் வகுத்த திட்டப்படி உழவர் வாழும் இடந்தேடிச் சென்றது. செவியாற் கேட்டு ஐயுற்றோர் கண்ணாற் கண்டு தெளிய அது வழி செய்தது.

விளைந்த கடலையை வாங்குவாரும் வேண்டுமன்றோ? நிலக்கடலையைச் சமைத்துண்ணும் 105 வகைகளைக் கார்வர் 1916-இல் நூலாக்கினார். 1921-இல் அமெரிக்கச் சட்டமன்றக் குழுவின்முன் அதன் பயன்களை விரித்துரைத்தார்.

எல்லா உழவரும் மாறினர் என்றல் உண்மையன்று. கடனுக்கு ஈடாகப் பருத்தியே வேண்டும் என நிலக்கிழார் வற்புறுத்தியமையால், விரும்பியும் மாற இயலாதார் பலர். எனினும் கார்வர் தம் தொண்டினின்றும் தளர்ந்தாரல்லர். தம் வாழ்நாட் சேமிப்பையும் ஆராய்ச்சிக்கு ஈந்து, 1943-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5-ஆம் நாள் மறைந்தார்.

உழவனைக் கடிந்துரைப்பதால் மண் வளம் பெறாது. அவன் கைப்பொருளுக்கு ஏற்ற வழியைக் காட்டி, அதன் பயனை அவன் காணவும் துய்க்கவும் செய்தல் வேண்டும். கார்வரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.