தடி ஏந்திய பிஷப்

ஆளுக்கொரு வேடம் போட்டு விளையாடுவது உங்களுக்குப் பிடிக்கும்தானே? "நீ ராஜா, நான் மந்திரி, அவன் திருடன்" என்று மொட்டைமாடியில் ஆடாதவர்கள் உண்டா என்ன!

வெளிநாடுகளில் பெரியவர்களே இப்படி விளையாடுகிறார்கள். காட்டிலோ பழைய கோட்டையிலோ கூடுவார்கள். ஸ்பாஞ்சில் செய்து ரப்பர் பூசிய வாள்களோடு மோதிக்கொள்வார்கள். 1982ல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் இதற்கென்றே ஒரு குழு தொடங்கியது. இந்த ஆட்டத்தில் ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வில்லாளி. இன்னொருவர் போர்வீரப் பாதிரியார். அடிபட்டவர்களை ஜெபம் செய்து எழுப்புவது அவர் வேலை. சண்டை வந்தால் அவரும் இறங்கி அடிப்பார். ஆனால் பல ஆட்டங்களில் அவர் கையில் வாள் இருக்காது. நம் பீமன் வைத்திருப்பதுபோல ஒரு கதாயுதமோ, உருட்டுத்தடியோதான் இருக்கும்!

ஏன் தெரியுமா? 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். பாதிரியார் கூரான ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது அதில் ஒரு விதி. அந்த வழக்கம் மற்ற விளையாட்டுகளுக்கும் பரவிவிட்டது. சரி, தடியால் அடிக்கும் பாதிரியார் நிஜத்தில் யாராவது இருந்தாரா என்று கேட்டால், எல்லோரும் ஒருவரைத்தான் காட்டுவார்கள். அவர் பெயர் ஓடோ. வாருங்கள், ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

பிரான்சின் வடக்குக் கரையில் நார்மண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஓடோ பிறந்தது அங்கேதான். அவருடைய அம்மா ஹெர்லேவா. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே வில்லியம் என்று ஒரு மகன் உண்டு. வில்லியமின் அப்பா நார்மண்டியின் பிரபு. ஓடோவின் அப்பா வேறு. அதாவது இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அண்ணன் வில்லியம் சிறுவயதிலேயே பிரபு ஆகிவிட்டார். தம்பிக்கும் ஒரு நல்ல பதவி தரவேண்டும் என்று நினைத்தார். 1049ல் பாயூ என்ற ஊருக்கு ஓடோவை பிஷப் ஆக்கினார். பிஷப் என்றால் அந்த வட்டாரத்துத் தேவாலயங்களுக்கெல்லாம் தலைவர். முப்பது வயது நிரம்பியவர்தான் பிஷப் ஆகலாம் என்பது சபையின் சட்டம். ஓடோவோ அப்போது மீசை முளைக்கும் பருவத்துப் பையன்! அண்ணன் பிரபுவாக இருந்தால் யார் வயதைக் கேட்பார்கள், சொல்லுங்கள்?

இப்போது 1066ஆம் ஆண்டுக்கு வருவோம். இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். ஹரால்டு என்பவர் முடிசூட்டிக்கொண்டார். அந்த முடி தனக்குத்தான் சேரவேண்டும் என்றார் வில்லியம். கடல் தாண்டிப் படையெடுக்கக் கப்பல்கள் தேவைப்பட்டன. பிஷப் ஓடோ மட்டும் 100 கப்பல்கள் கொடுத்ததாக ஒரு பழைய பட்டியல் சொல்கிறது. கூடவே தானும் கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 14ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் அருகே பெரும் போர் நடந்தது. காலையில் தொடங்கிய சண்டை மாலை வரை ஓயவில்லை. நடுவில், வில்லியம் செத்துவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. நார்மண்டிப் படை வீரர்கள் சிலர் பயந்து ஓட ஆரம்பித்தார்கள். ஒரு படை ஓட ஆரம்பித்தால் அப்புறம் நிறுத்துவது லேசான காரியமா? அந்த நேரத்தில்தான் ஓடோ குதிரையில் பாய்ந்து வந்து, கையிலிருந்த தடியை உயர்த்தி, இளம் வீரர்களைத் திருப்பி நிறுத்தினார். வில்லியம் தன் தலைக்கவசத்தைத் தூக்கி, உயிரோடு இருப்பதை எல்லோருக்கும் காட்டினார். அன்று மாலைக்குள் ஹரால்டு இறந்தார். இங்கிலாந்து வில்லியம் கைக்கு வந்தது.

இந்தக் காட்சி நமக்கு எப்படித் தெரியும்? ஒரு துணி சொல்கிறது! சுமார் 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் உள்ள லினன் துணி. அதில் கம்பளி நூலால் பூவேலை செய்து போர்க்கதை முழுவதையும் படம் படமாகத் தைத்திருக்கிறார்கள். குதிரைகள், கப்பல்கள், 1066ல் வானில் தெரிந்த ஹாலி வால் நட்சத்திரம் கூட அதில் உண்டு. இதைச் செய்யச் சொன்னவரே ஓடோதான் என்று பல ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். தடி ஏந்திய அவர் உருவத்துக்கு மேலே பெயரும் தைக்கப்பட்டிருக்கிறது. தன் காசில் செய்த படத்தில் தன்னை விட்டுவிடுவாரா, என்ன!

சரி, தடி எதற்கு? பாதிரியார் ரத்தம் சிந்தக்கூடாது, அதனால்தான் வாளை விட்டுத் தடி எடுத்தார் என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே துணியில் வில்லியம் கையிலும் ஒரு தடி இருக்கிறதே! அவர் பாதிரியார் இல்லையே! அது தலைவனின் அடையாளக் கோலாக இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். மேலும், தடியால் மண்டையில் அடித்தால் ரத்தம் வராதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெற்றிக்குப் பிறகு ஓடோ கென்ட் பகுதிக்குப் பிரபு ஆனார். டோவர் கோட்டையும் அவர் வசம் வந்தது. மன்னர் ஊரில் இல்லாதபோது நாட்டை ஆளும் பொறுப்பும் சில சமயம் அவருக்குக் கிடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் அவருக்கு நிலம் இருந்தது. மதத்தலைவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், மன்னருக்கு அடுத்த பெரிய நிலக்காரர் அவரே! அதில் நல்லதும் செய்தார். கெட்டிக்கார இளைஞர்களை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். பாயூவில் பிரம்மாண்டமான தேவாலயம் எழுப்பினார். 1077ல் அது திறக்கப்பட்டது.

ஆனால் அவர் சேர்த்த நிலமெல்லாம் நியாயமாகச் சேர்த்தது இல்லை. கேன்டர்பரி தேவாலயத்தின் நிலங்களை அவர் எடுத்துக்கொண்டார் என்று பேராயர் லான்ஃப்ராங்க் வழக்குப் போட்டார். பெனன்டன் ஹீத் என்ற திறந்தவெளியில் மூன்று நாள் விசாரணை நடந்தது. நாட்டின் பழைய சட்டங்களை யார் சொல்வது? எதல்ரிக் என்ற முதியவரை வண்டியில் வைத்து அழைத்து வந்தார்கள். அவரால் நடக்கக்கூட முடியாது! ஓடோவிடம் கோட்டையும் படையும் இருந்தன. அந்தத் தாத்தாவிடம் ஞாபகசக்தி மட்டும்தான். ஆனாலும் பல நிலங்களை ஓடோ திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஓடோவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஓடோ இல்லை, இந்தத் தாத்தாதான்.

இதைவிடக் கொடுமை 1080ல் நடந்தது. வடக்கே டர்ஹாம் நகரின் பிஷப்பைச் சிலர் கொன்றுவிட்டார்கள். தண்டிக்கப் போன ஓடோவின் படை, குற்றவாளி யார், அப்பாவி யார் என்று பார்க்கவில்லை. அந்த வட்டாரத்தையே பாழாக்கியது. ஜெபம் செய்யும் கை இதையும் செய்தது.

1082ல் திடீர் திருப்பம்! ஓடோ மன்னரைக் கேட்காமல் வீரர்களைத் திரட்டிக்கொண்டு இத்தாலி போகத் திட்டமிட்டார். ரோமில் போப் ஆகிவிடவேண்டும் என்பது அவர் ஆசை என்று அக்கால வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வில்லியமுக்குக் கோபம் தலைக்கேறியது. பிடியுங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. பிஷப் மேல் கைவைத்தால் பாவம் அல்லவா! கடைசியில் மன்னரே தம்பியைப் பிடித்தார். நான் பிஷப்பைப் பிடிக்கவில்லை, என் பிரபுவான கென்ட்காரரைத்தான் பிடிக்கிறேன் என்று சாமர்த்தியமாக ஒரு காரணமும் சொன்னாராம். ஓடோ ரூவென் நகரில் ஐந்து ஆண்டுகள் சிறையில் கிடந்தார்.

1087ல் வில்லியம் மரணப் படுக்கையில் இருந்தார். கைதிகளை எல்லாம் விடச் சொன்னவர், தம்பியை மட்டும் விட மனம் வராமல் இருந்தார். வெளியே வந்தால் மறுபடியும் குழப்பம் செய்வார் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு சகோதரர் ராபர்ட் கெஞ்சிய பிறகே சம்மதித்தார்.

அவர் பயந்தது சரியாகவே போயிற்று. மறு ஆண்டே, இங்கிலாந்தின் புது மன்னரான வில்லியம் ரூஃபஸை எதிர்த்துச் சித்தப்பா ஓடோ கலகம் செய்தார். மூத்த அண்ணன் மகனை மன்னராக்க வேண்டும் என்பது திட்டம். ரோசெஸ்டர் கோட்டைக்குள் அவரும் ஆட்களும் முற்றுகையில் சிக்கினார்கள். உள்ளே நோய் பரவியது. ஒருவர் ஈ ஓட்டினால்தான் மற்றவர் சாப்பிட முடியும் என்ற அளவுக்கு ஈத்தொல்லையாம்! கடைசியில் சரணடைந்தார்கள். நான் வெளியே வரும்போது வெற்றி எக்காளம் ஊதவேண்டாம் என்று ஓடோ கேட்டுக்கொண்டார். மன்னர் மறுத்துவிட்டார். எக்காளம் முழங்க, தூக்குக்கயிறு கொண்டு வாருங்கள் என்று இங்கிலாந்துக்காரர்கள் கத்த, தலைகுனிந்து நடந்து போனார் ஓடோ. அங்கிருந்த நிலம் எதுவும் பிறகு அவருக்குத் திரும்பவில்லை. பாயூவின் பிஷப் பதவி மட்டும் மிஞ்சியது.

1096ல் முதல் சிலுவைப் போருக்குப் படைகள் கிளம்பின. வயதான ஓடோவும், அண்ணன் மகன் ராபர்ட்டோடு ஜெருசலேமை நோக்கிப் புறப்பட்டார். ஆனால் போய்ச் சேரவில்லை. 1097 தொடக்கத்தில் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இறந்துபோனார். அங்கேயே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய துணி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பாயூ தேவாலயத்தின் 1476ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் அது இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792ல், ராணுவ வண்டிக்கு மூடுதுணியாக்க அதை எடுத்துவிட்டார்கள்! நல்லவேளை, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் ஓடிப்போய் மீட்டார். 2007ல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவு' பட்டியலில் அதைச் சேர்த்தது. படங்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. குதிரைக் கூட்டத்தின் நடுவே தடியைத் தூக்கிக்கொண்டு நிற்பவரைத் தேடிப் பாருங்கள்.