நைட்டிங்கேல் அம்மையார்: தாதியும் ஆசிரியையும்



கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதவர் நம்மில் அரியர். இராக்காலத்தில் சிப்பாய்களின் படுக்கைகளுக்கிடையே விளக்கோடு நடந்து செல்லும் அவருடைய உருவம் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த விளக்கை அவர் எத்தனை காலம் ஏந்தினார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இரண்டு வருஷங்கள்கூட நிறையவில்லை. அவரோ 90 வயது வரை ஜீவித்தவர். மிச்ச வருஷங்களை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதையே இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தாதித் தொழிலில் பெண்மக்கள் உள்ள குடும்பத்தார் சற்று ஊன்றி வாசியுங்கள்.

அம்மையார் 1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் பட்டணத்தில், செல்வம் மிகுந்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு இட்டார்கள். தகப்பனார் தாமே உபாத்தியாயராயிருந்து கிரேக்கம், இலத்தீன் முதலிய பாஷைகளையும் சரித்திரத்தையும் கற்பித்தார். 1837-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், 16 வயதுப் பெண்ணாயிருக்கையில், ஆண்டவர் தம்மை ஓர் ஊழியத்துக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அது எந்த ஊழியம் என்று தெளிவதற்கு வருஷங்கள் பல சென்றன.

பிணியாளருக்குப் பணிவிடை செய்வதே அது என்று தெளிந்தபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1845-ம் வருஷத்தில் சால்ஸ்பரி ஆஸ்பத்திரிக்குச் சென்று பயில அனுமதி கேட்டார், பெற்றோர் இசையவில்லை. அவர்களைக் குறைகூற வேண்டாம். அக்காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிப்பழக்கமுள்ளவள், வேறு பிழைப்பில்லாதவள் என்பதே ஜனங்களின் எண்ணம். முறையான பயிற்சி கொடுக்கும் பள்ளியும் அங்கே அரிது. ஆதலால் அவர் வெளிதேசங்களை நாடினார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் லூத்தரன் சபைப் பணிப்பெண்களிடம் மூன்று மாதம் பயின்றார். 1853-ல் பாரிஸ் மாநகரில் பிறர்சிநேகக் கன்னியரிடம் பயிலச் சென்றார். அவர் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். ஆயினும் நோயாளர் பணியை ஒழுங்கோடும் பக்தியோடும் செய்வது எப்படி என்பதை நம் கன்னியர் மடங்களில் கண்டு மதித்தவர். அவ்வருஷமே இலண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் தலைவியானார்.

1854-ல் கிரிமியா யுத்தம் வந்தது. மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அவரைக் கேட்டுக்கொள்ள, 38 பெண்களோடு புறப்பட்டு, நவம்பர் 4-ந் தேதி துருக்கியின் ஸ்குட்டாரி பட்டாள ஆஸ்பத்திரியை அடைந்தார். அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்களுள் இலண்டன் பெர்மண்ட்ஸி மடத்து இரக்கத்தின் சகோதரிகளுக்குத் தலைவியாய் வந்த கிளேர் மூர் தாயார், அம்மையாருக்கு ஆயுள் முழுதும் உற்ற தோழியானார்.

அங்கே அவர்கள் கண்டது அழுக்கும் பேனும் நாற்றமும். சமைத்துக் கொடுத்தார்கள், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார்கள், புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். ஆனால், வாசகரே, பள்ளிப் பாடம் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேளுங்கள். அம்மையார் வந்த அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடிற்று. 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். காயத்தால் மாண்டவர் சிலரே. ஜுரமும் பேதியுமே பெரும்பாலோரைக் கொண்டுபோயின. கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்து நாறிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் சுகாதார அதிகாரிகள் வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள், தண்ணீரைச் சீர்ப்படுத்தினார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் அந்த 42 இரண்டாகக் குறைந்தது.

1856-ல் ஆரவாரமில்லாமல் ஊர் திரும்பிய அம்மையார், மாண்டவர்களின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். எத்தனை பேர் வீணாக மாண்டார்கள் என்பது எண்களில் தெரியத் தெரிய, அந்தத் துயரம் அவரை விட்டு அகலவில்லை. இரக்கம் இருந்தது, உழைப்பு இருந்தது, கண்விழிப்பு இருந்தது. போதிய அறிவு இல்லாமற்போயிற்று. ஆகவே தாதியாக வருகிறவள் முதலில் கற்கவேண்டும், கற்பதற்கு ஒரு பள்ளி வேண்டும் என்ற உறுதி அவருக்குள் வேரூன்றியது.

அதே சமயம் இன்னொரு சிலுவையும் வந்து சேர்ந்தது. யுத்தகளத்தில் பற்றிய ஜுரம் அவருடைய தேகத்தைக் குலைத்துவிட்டது. 1857 முதல் பெரும்பாலும் அறையை விட்டு வெளியேற இயலாத நோயாளியானார். அப்போது வயது 37. நோயாளியின் கட்டிலருகே நின்ற கால்கள் இனி நிற்கமாட்டா. கைவசம் இருந்ததோ தாதிகளின் பயிற்சிக்கென்று ஜனங்கள் நன்றியோடு சேர்த்துக் கொடுத்த சுமார் 45,000 பவுன் நிதி. பயிற்சி எதற்கு என்று கேட்ட பெரிய வைத்தியர்களும் இருந்தார்கள். தாதி வீட்டு வேலைக்காரிக்குச் சமானம், அவளுக்குக் கற்பிக்க அதிகம் இல்லை என்று அவர்களுள் ஒருவர் எழுதி அச்சிடவும் செய்தார்.

ஆயினும் 1860-ம் வருஷம் இலண்டன் அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் பள்ளி சில மாணவிகளோடு திறக்கப்பட்டது. ஒரு வருஷப் பயிற்சி. தங்க இடம், உணவு, உடை, சம்பளமாக 10 பவுன். பள்ளியை நேரில் நடத்தியவர் ஆஸ்பத்திரித் தலைவி வார்ட்ரோப்பர் அம்மாள். கட்டுப்போடுதல், படுக்கை விரித்தல், அட்டை விடுதல் முதலிய வேலைகளிலும், நேரந்தவறாமை, நம்பகம், அமைதி முதலிய குணங்களிலும் ஒவ்வொரு மாணவியும் எப்படித் தேறுகிறாள் என்று மாதந்தோறும் எழுதிவைக்கப்பட்டது. திறமை ஒரு பக்கம், குணம் ஒரு பக்கம். இரண்டும் வேண்டும் என்பதே அம்மையாரின் விதி.

எல்லாம் எளிதாய் நடந்துவிடவில்லை. 1872 வாக்கில் பள்ளியை உற்றுப் பார்த்தபோது பாடங்கள் கவனிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டார். வைத்தியப் பாடம் சொல்ல வேறு ஆசிரியரை ஏற்படுத்தினார். மாணவிகளோடு விடுதியில் தங்கி, கேட்ட பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொடுக்க ஒரு சகோதரியை நியமித்தார். அவ்வருஷம் முதல் மாணவிகளுக்கு நீண்ட கடிதங்கள் எழுதலானார். தேறியவர்களை ஒவ்வொருவராய்த் தம் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, பேசி, அவரவர் குணத்தையும் தேவையையும் குறித்துவைப்பார். படுக்கையிலிருந்தே நடத்திய வகுப்பு என்று அதைச் சொல்லலாம்.

அதன் பலன் என்ன? அவரிடம் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865-ல் லிவர்பூல் நகரத்து ஏழைவிடுதி ஆஸ்பத்திரியை ஏற்று, தம் 35-ம் வயதில், 1868-ல், அங்கே பரவிய ஜுரத்தாலேயே மாண்டார். அவ்வருஷமே லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து தாதிகளோடு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் இறங்கினார். அமெரிக்காவின் லிண்டா ரிச்சர்ட்ஸ் 1877-ல் வந்து அவருடைய முறைகளைக் கண்டு சென்று, பின்பு 1886-ல் ஜப்பான் போய்க் கியோட்டோ நகரில் தாதிப் பள்ளி நடத்தினார். அம்மையார் கண்ணால் காணாத தேசங்களில், அவர் பெயரும் அறியாத நோயாளிகள் பலன் பெற்றார்கள்.

அவருக்குப் பிடிவாதமும் உண்டு. பரீட்சை வைத்துத் தாதிகளைப் பதிவு செய்யும் யோசனையை, குணத்தைப் பரீட்சை அளக்காது என்று கடைசிவரை எதிர்த்தார். 1919-ல் அந்தச் சட்டம் வந்தே விட்டது. எனினும் அவர் பயந்த ஆபத்து பொய்யானதென்று யார் சொல்வார்?

1910-ம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி அம்மையார் மரித்தார். பெருமக்களை அடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றார்கள், உறவினர் இசையவில்லை. கிழக்கு வெல்லோ கிராமக் கல்லறையில் அவருக்குரிய கல்லில் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த, இறந்த காலங்களுமே உள்ளன. அவர் பிறந்த மே 12-ந் தேதியைத் தாதியர் தினமாக உலகம் 1974 முதல் கொண்டாடிவருகிறது.

வாசகரே, பத்து, பதினைந்து வருஷம் வார்டில் உழைத்த மகளோ மருமகளோ, தாதிப் பள்ளியில் ஆசிரியையாகப் போகட்டுமா என்று உங்களிடம் யோசனை கேட்கலாம். இராவேலைக்குப் பயந்து ஓடுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடும். நோயாளிகளைக் கைவிடுகிறேனோ என்று அவளே மனம் கலங்கவுங்கூடும். அவளுக்கு இந்தச் சரிதையைச் சொல்லுங்கள். கட்டிலருகே கண்ணீரோடு கற்றதை ஒளிக்காமல் கற்பிக்கிறவள் நோயாளியை விட்டு விலகுவதில்லை. தன் மாணவிகள் எந்த ஆஸ்பத்திரியில் நிற்கிறார்களோ அங்கெல்லாம் அவளும் நிற்கிறாள். இனி அவள் வீடு திரும்பும்போது, இன்று எத்தனை நோயாளிகள் என்று கேட்பதற்குப் பதிலாக, இன்று என்ன கற்பித்தாய் என்று கேளுங்கள். ஆண்டவர் அவளுடைய இந்தப் புதிய உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக.